ஒடிக்க முடியல

நம் வயதுக்காரர்கள் யாராவது தாழ்ந்த காரில் ஏறுவதை ஓரமாக நின்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் பின்பக்கம் உள்ளே போகும். பிறகு தலை. அப்புறம் 'அம்மாடி' என்று ஒரு சத்தம். கடைசியில் மிச்சமிருக்கும் காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். போன மாதம் நான் அப்படித்தான் ஏறினேன், எங்கள் அத்தையின் காரில். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அசையாமல் கிடந்த கார் அது. ஏறிய பாவத்துக்கு இன்றுவரை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று இருக்கிறது.

என் தங்கை மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். லீவுக்கு லீவு பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து, ஆள் வைத்து, ஷெட்டில் கிடந்த அந்தக் காரை ஓட வைத்துவிட்டான். அதுவரை எனக்கும் சந்தோஷம்தான். பிறகு நாலு அலாய் வீல் வந்து இறங்கின. பளபளவென்று துலக்கின குத்துவிளக்கு மாதிரி இருந்தன. அகலமோ அகலம்.

"இது இந்தக் காருக்கு உள்ளதுதானா, லே?" என்று கேட்டேன்.

"இல்ல பெரியம்மா. ஆனா லுக்கு வேற மாதிரி இருக்கும்."

லுக்கு. எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் அந்த வீட்டில் அந்தக் காருக்கு அதன் அளவில்லாத வீலை மாட்டுவது இது இரண்டாம் தடவை.

முதல் தடவை நடந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. மாமாவுக்கு மாஞ்சோலையில் எஸ்டேட் ஆபீஸ் வேலை. அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது, இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய தன் காரை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்ன கார் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் நாளைக்கே விலை கேட்டு வாசலில் நிற்பீர்கள். கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, கூரைக்குப் பதில் மடக்குகிற கித்தான். தோல் சீட்டில் மழைநாளில் ஒரு வாடை வரும், நனைந்த ஆட்டுக்கும் ஏலக்காய்க்கும் நடுவில் ஒரு வாடை. சக்கரங்களில் சைக்கிளைப் போலக் கம்பிகள். நடுவில் இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு. அதைக் கழற்ற ஸ்பேனர் கிடையாது. தலை மட்டும் செம்பில் செய்த சுத்தியல் ஒன்று காரோடு வந்தது. காதில் நாலு தட்டு தட்டினால் சக்கரம் கையோடு வந்துவிடும்.

மாமா மலையிலேயே அத்தைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிறகு ஒரு மழைக்காலத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தார், போய்விட்டார். குழந்தை இல்லை. காரியங்கள் முடிந்தபின் பாத்திரம் பண்டத்தை எஸ்டேட் லாரியில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டு, பின்னால் அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தாள் அத்தை. மாஞ்சோலை ரோடு தெரியுமல்லவா உங்களுக்கு? அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் உட்கார்ந்து வருவதற்கே நாம் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வோம். அவள் தனியாக, அழுத கண்ணோடு, அத்தனை வளைவையும் ஒடித்து இறக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் தெருக்காரர்களுக்குச் சொன்னது என்ன தெரியுமா? 'லாரியில் கட்டி இழுத்துட்டு வந்தாங்க' என்று. அப்பா சொன்னார், அம்மா சொன்னாள், கொஞ்ச நாளில் அவர்களே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டார்கள். தாலி இறங்கின பெண் தாழ்ந்த காரில் காற்றில் தலைமுடி பறக்க வந்தாள் என்பதைவிட அது மரியாதையாக இருந்தது போலும்.

அந்தக் கோடையில் அத்தைக்கு ஒரு வேலை கிடைக்கிறாற்போல வந்தது. கல்லிடைக்குறிச்சிக்கு அப்பால், மணிமுத்தாறு போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். கணக்கு டீச்சர். ஜூனில் சேர வேண்டும். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, அதுவும் டிரைவர் மனது வைத்தால். கார் இருக்கிறதே, போய் வந்துவிடுவேன் என்றாள் அத்தை. அந்த வேலை கிடைத்தால் அவள் கையில் அவள் சம்பளம். இல்லையென்றால் ஆயுசுக்கும் அண்ணன் வீட்டுச் சோறு. பத்து வயதுப் பெண்ணுக்கே அது புரிந்தது.

அப்பாவுக்கும் புரிந்தது. ஆனால் தங்கையை பஸ் ஸ்டாண்டில் நிற்க வைக்க அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. காரில் அனுப்ப மனம் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "மணிமுத்தாறு வரைக்கும் என்னைய உக்கார வச்சு ஓட்டிட்டுப் போயி, திரும்பக் கொண்டாந்து விட்டுரு. அப்புறம் நான் ஒண்ணும் சொல்லல."

இதில் ஒரு விஷயம். அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளையே மதகுமேல் காலை ஊன்றித்தான் ஏறுவார்.

காரின் டயர்கள் வழுக்கையாகி இருந்தது உண்மை. ஜங்ஷன் பக்கம் டயர்க்கடையில் கேட்டதற்கு, "இந்த சைஸு இங்கன கிடைக்காது அண்ணாச்சி. மெட்ராஸுக்குச் சொல்லிவிடணும். நாளாவும்" என்றார்கள். காத்திருந்திருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு அந்தக் காரின்மேல் வேறு வழக்கும் இருந்தது. அது ரொம்பத் தாழ்வாக இருந்தது. தெருநாய் நின்றால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேராக நாய் முகம் இருக்கும். "ரோட்டுல உக்காந்து போற மாதிரில்லா இருக்கு. நாலு பேரு மேலேயிருந்து குனிஞ்சு பாப்பான்" என்றார். கம்பிச் சக்கரமும் அவருக்குப் பிடிக்கவில்லை. சைக்கிள் சக்கரத்தை நம்பித் தங்கையை எப்படி அனுப்புவது?

வண்ணார்பேட்டையில் ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் எந்த வேலையையும் 'ஆகாது' என்று திருப்பி அனுப்பியதில்லை, அதுதான் அவரிடம் உள்ள கோளாறே. அவரும் அப்பாவும் ஒரு காபியில் முடிவு பண்ணிவிட்டார்கள். டாக்ஸி வீலை மாட்டிவிடுவது. டாக்ஸி டயர் எந்த முக்கிலும் கிடைக்கும், உயரம், அகலம், பார்க்கவும் கெட்டியாக இருக்கும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தது அந்த வாரத்தில்தான். டாக்ஸி வீல் அந்தக் காரில் உட்காரவில்லை. உடனே லேத்துப் பட்டறையில் கனமான இரும்பு வட்டு கடைந்து, அதைக் காரில் மாட்டி, வட்டின்மேல் வீலை மாட்டினார்கள். வட்டின் தடிமன் அளவுக்கு ஒவ்வொரு சக்கரமும் வெளியே தள்ளி நின்றது. பட்டுப்பாவாடைக்குக் கீழே அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்ட பெண் மாதிரி நின்றது அந்தக் கார்.

அத்தை சுற்றி வந்து பார்த்தாள். குனிந்து மட்கார்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "அண்ணாச்சி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல என் விரலு நுழைய மாட்டேங்குது. பழைய வீலையே போட்டுத் தாங்க. மெட்ராஸ்லேருந்து டயரு வாரவரைக்கும் பொறுப்போம்."

"வழுக்கை டயர்ல போயி உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஊருக்கு யாரு பதில் சொல்லுதது?"

"நல்லா நிக்கும்கா," என்றார் மெக்கானிக். "நானே ஓட்டிப் பாத்துட்டேன். பஞ்சு மாதிரி போவுது."

அவர் பொய் சொல்லவில்லை. தனியாக ஓட்டிப் பார்த்தார், போனது. மறுநாள் அத்தை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து மைதானத்தைச் சுற்றி ஓட்டினாள். ஸ்டீரிங் கனக்கிறது என்று சொன்னாளே தவிர, திரும்பியது.

கழற்றிய கம்பிச் சக்கரங்கள் கொல்லையில் கிடந்தன. அம்மா ஒன்றின்மேல் துணியை விரித்து வத்தல் போட்டாள். ஒன்றைக் கொடைவிழாவுக்கு லைட் போடுகிறவர் கேட்டு வாங்கிப் போனார். கம்பிக்குக் கம்பி சீரியல் பல்பு கட்டி, அம்மன் கோயில் வாசலில் சுழலவிட்டார். அவ்வளவு அழகு. அத்தை அதைப் பார்க்க வரவில்லை. செம்புச் சுத்தியலை அம்மா கருப்பட்டி உடைக்க வைத்துக்கொண்டாள்.

நாள் பார்த்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, புறப்பட்டோம். வலதில் அத்தை. இடதில் அப்பா. அப்பா நல்ல ஆகிருதி என்பதைச் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பந்தியில் அவருக்கு ஒன்றரை இலைக்கு இடம் விடுவார்கள். அவர் உட்கார்ந்ததும் கார் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு விட்டது. சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைக்கிற இடத்தில், புளியோதரைத் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான்.

சேரன்மகாதேவி தாண்டுகிறவரை ஒரு குறையும் இல்லை. நேர் ரோடு. இரண்டு பக்கமும் அறுத்த வயல், வாய்க்கால் தண்ணீர் வாடை, கொக்கு. அத்தை எதையோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்தாள். மாமா போனபிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை. அப்பாகூட ஒருமுறை, "பரவால்லயேட்டி" என்றார். மற்ற நேரமெல்லாம் "பைய, பைய" என்றார்.

மணிமுத்தாறுக்கு முன்னால், கால்வாயை ஒட்டி ரோடு வலது கைப்பக்கம் சட்டென்று வளைகிற இடம். அத்தை திருப்பினாள். இடதுபக்கம் முன்னால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். ரப்பர் தீய்கிற நாற்றம். ஸ்டீரிங் பாதியில் நின்றுவிட்டது. அத்தை இரண்டு கையாலும் அதை இழுப்பதை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

"அண்ணாச்சி, ஒடிக்க முடியல," என்றாள்.

நமக்கெல்லாம் 'ஒடி' என்றால் தெரியும். 'லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி, நல்லா ஒடிச்சு விடு' என்று கண்டக்டர் கத்துவதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அவள் சொன்னது ஸ்டீரிங்கைத் திருப்ப முடியவில்லை என்று. பிரேக்கையும் மிதித்துவிட்டாள். கார் பைய, ரொம்பப் பைய, ரோட்டை விட்டு இறங்கி, கால்வாய்க் கரைக் கோரைப்புல்லில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அப்பாவின் வேட்டியெல்லாம் புளியோதரை.

அப்பா இறங்கிக் கரையில் ஏறி நின்றார். வண்டியை ஒருதரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை. "சரி. போதும்," என்றார்.

ஆள் சொல்லி அனுப்பியதும் மெக்கானிக் வந்தார். ஆட்களை வைத்து வண்டியைத் தூக்கி ரோட்டில் விட்டார். நசுங்கின மட்கார்டை வெளிப்பக்கமாகத் தட்டி எடுத்தார். தனியாக உட்கார்ந்து வீடுவரை ஓட்டிக்கொண்டு வந்தார். வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டில ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி" என்றார். முடிந்தது. வண்டியில் கோளாறு இல்லையென்றால் கோளாறு வேறு எங்கே?

எதிர்வீட்டு மாமி கேட்டாள், என்ன ஆச்சு என்று. அப்பா சொன்னார்: "அவளே முடியலைன்னுட்டா."

ஒடிக்க முடியல என்றதில் முன்வார்த்தை எங்கே போனது என்று ஒருவரும் தேடவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? எதிர்வீட்டில் அது 'அவளுக்கு முடியல' ஆயிற்று. தெருக்கோடிக்குப் போவதற்குள் 'உடம்புக்கு முடியலையாம்' ஆகிவிட்டது. மறுநாளிலிருந்து சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வர ஆரம்பித்தார்கள். நாங்குநேரியிலிருந்து என் பெரியம்மா பஸ் ஏறி, தீராத நோய்க்குத் தருகிற வானமாமலைக் கோயில் எண்ணெயோடு வந்துவிட்டாள். அத்தை கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "எந்திரிச்சு நடமாடாதட்டி," என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல மதினி," என்றாள் அத்தை.

"முடியாதவ எல்லாம் அப்படித்தான் சொல்லுவா."

வந்தவர்களில் ஒருவருக்கு அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை தோழி. நல்லெண்ணத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளும் நல்லெண்ணத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டு, 'உடம்பைப் பாத்துக்கிடச் சொல்லுங்க' என்று சொல்லி அனுப்பினார். எல்லோரும் நல்லவர்கள். அதுதான் எரிச்சல். ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு இந்நேரம் மறந்திருப்பேன். அப்பா அன்று இரவு தானே ஒரு ஆரஞ்சை உரித்து, நார் எடுத்து, அத்தைக்குச் சுளை சுளையாகக் கொடுத்தார். அவள் வாங்கித் தின்றாள். அதற்குப்பிறகு ஆரஞ்சுப்பழத்தைத் தொட்டதில்லை.

கார் ஷெட்டுக்குள் போனது. விறகும் கோழியும் அதற்குள் குடியேறின. வாங்க ஆள் வந்தபோதெல்லாம் அத்தை "கிடக்கட்டும்" என்றாள். தெருவில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். 'அவளுக்கு முடியாது' என்பது எங்கள் வீட்டில் சாமி படம் மாதிரி நிரந்தரமாக மாட்டப்பட்டுவிட்டது. நானும் அதைக் கும்பிட்டுத்தான் வளர்ந்தேன்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். அலாய் வீல் போட்டாயிற்று. "வாங்க பெரியம்மா, ஒரு ரவுண்டு" என்றான் தங்கை மகன். அப்பாவின் மூக்கு எனக்கு வரவில்லை, அப்பாவின் படிப்பு வரவில்லை, அவருடைய உடம்பு மட்டும் அப்படியே வந்திருக்கிறது. நான் இடதுபக்கம் உட்கார்ந்ததும் கார் பெருமூச்சு விட்டது.

அதே கால்வாய், அதே வளைவு என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அங்கேயெல்லாம் போகவில்லை. சேரன்மகாதேவி ரோட்டில், பெட்ரோல் பங்குக்குள் நுழைய அவன் வலதுபக்கம் திருப்பினான். என் காலுக்குக் கீழே 'கர்ர்ர்' என்றது. ரப்பர் தீய்கிற நாற்றம் வந்தது. ரோட்டை மறித்துக்கொண்டு குறுக்காக நின்றுவிட்டோம். பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்தினவன் கையை எடுக்கவில்லை.

"பெரியம்மா, ஒடிக்க முடியல," என்றான்.

"என்னலே முடியல? என்னாச்சு?"

"டயரு மட்கார்டுல மாட்டுது. உங்க பக்கம் பாரம் இறங்கிட்டு. கோவிச்சுக்கிடாதீங்க, கொஞ்சம் இறங்கி நில்லுங்களேன்."

இறங்கினேன். எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் இறங்கியதும் காரின் அந்தப் பக்கம் ஒரு விரற்கடை உயர்ந்தது. அவன் ஸ்டீரிங்கைத் திருப்பினான். கார் பங்குக்குள் ஒழுங்காகப் போய் நின்றது.

நான் ரோட்டிலேயே நின்றேன். யாரோ "வழிய விடும்மா" என்று திட்டினார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. தனியாக ஓட்டின மெக்கானிக்குக் கோளாறு இல்லை. ஒல்லிப் பிள்ளையான என்னை வைத்துக்கொண்டு ஓட்டினபோதும் கோளாறு இல்லை. பரீட்சை வைத்தவர் ஏறி உட்கார்ந்ததும்தான் சக்கரம் மட்கார்டில் மாட்டியிருக்கிறது. பங்கில் குனிந்து பார்த்தேன். மட்கார்டின் உள்விளிம்பில் புதுக் கீறலுக்குப் பக்கத்தில், அதே வளைசலில், துருவேறிய பழைய கீறல் ஒன்று இருந்தது.

"ஸ்பிரிங்கைக் கொஞ்சம் ஏத்திக் கட்டினா சரியாயிரும் பெரியம்மா," என்றான் அவன். வீலை மாற்றுவேன் என்று வாயில் வருகிறதா பாருங்கள்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது எண்பது இருக்கும். இடது காது மந்தம், அதனால் வலதுபக்கம் உட்கார்ந்து இரண்டு தடவை சொன்னேன். முதலில் சிரித்தாள்.

"அப்போ அண்ணாச்சி இறங்கி நின்னிருந்தா போதுமாக்கும்."

"ஆமா அத்தை."

"அம்புட்டுதானா."

முந்தானையை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு, "அந்தப் பய முடியலைன்னதும் நீ என்னட்டி சொன்னே?" என்று கேட்டாள்.

"என்னலே முடியல, என்னாச்சுன்னு கேட்டேன்."



"எங்கிட்ட ஒருத்தரும் அதக் கேக்கலட்டி," என்றாள் அத்தை.